பத்ருக்கே விலக்கு உண்டு. நீர்ப் பூங்காவுக்கு இல்லையா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பது ஒரு முஸ்லிமின் நாவிலிருந்து வரக்கூடிய சொற்களில் மிகக் கனமானது. அந்தச் சொல்லை நம் குடும்பங்கள் எந்த இடத்தில் செலவழிக்கின்றன என்று பாருங்கள். இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்ட ஒரு குழந்தை. இரண்டு மாதம் இன்குபேட்டரிலும் ஆக்சிஜனிலும் இருந்துவிட்டு, மூச்சிரைப்பு முழுதும் அடங்காமலேயே வீடு திரும்பியிருக்கிறது. அதை வேனில் ஏற்றி, மேட்டுப்பாளையத்து பிளாக் தண்டருக்கும் மறுநாள் ஊட்டிக்கும் கொண்டுபோகத் தீர்மானித்துவிட்டு, தாய் தயங்கி நிற்கும்போது அவள் வாயை அடைக்க இந்தச் சொல்லை எடுக்கிறார்கள்.

ஜேடர்பாளையம், பரமத்திவேலூர், நாமக்கல் பக்கத்து வீடுகளில் இந்தக் காட்சி புதிதன்று. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. வளைகுடாவிலிருந்து சின்னத்தா முப்பது நாள் விடுப்பில் வந்திருக்கிறார். இருபது பேருக்கு வேன் பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. "எல்லோரும் போகும்போது நீ மட்டும் வரவில்லையென்றால் நன்றாகவா இருக்கும்?" என்று மாமியார் கேட்கிறார். "டாக்டர் ஜாக்கிரதையாக இருக்கத்தான் சொன்னார், போகக் கூடாது என்று சொல்லவில்லையே" என்று கணவர் சட்டம் பேசுகிறார். டாக்டரிடம் ஊட்டியைப் பற்றி யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா.

இவர்களுக்கு நான் முதலில் நினைவூட்ட விரும்புவது பத்ரை.

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு ரமலானில் நபி (ஸல்) அவர்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது உடன் சென்றவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். எதிரே வந்த குறைஷிப் படை அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஒவ்வொரு ஆளும் கணக்கில் நின்ற நாள் அது. அந்த நாளில் உஸ்மான் (ரலி) அவர்கள் களத்தில் இல்லை. மனைவி ருகய்யா (ரலி) அவர்கள், அதாவது நபியின் அருமை மகளார், நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டு மதீனாவில் தங்கும்படி ஆணையிட்டவர்கள் நபி (ஸல்) அவர்களே. பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் போர்ப்பொருளில் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. வெற்றிச் செய்தி மதீனாவை அடைந்த வேளையில் ருகய்யா (ரலி) அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

நோயாளியின் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக பத்ரிலிருந்தே ஓர் ஆணுக்கு விலக்குக் கிடைத்த மார்க்கம் நம்முடையது. அந்த மார்க்கத்தைச் சேர்ந்த ஒரு தகப்பனுக்கு நீர்ச்சறுக்கிலிருந்து விலக்குக் கிடையாதாம்! "நான் குழந்தையுடன் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கிறதாம்.

தொழுகையையும் பாருங்கள். நீட்டித் தொழுவிக்க எண்ணித் தொழுகையைத் தொடங்கிய நபி (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகை காதில் விழுந்ததும், அதன் தாயின் உள்ளம் படும் பாட்டை உணர்ந்து தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். அல்லாஹ்வின் முன் நிற்கும் நேரமே ஒரு குழந்தைக்காகச் சுருங்கியது. நம் சுற்றுலா நிரலோ ஒரு மணி நேரம்கூடச் சுருங்க மறுக்கிறது. காலை ஐந்து மணிக்கு வேன், பத்து மணிக்குப் பூங்கா, மாலையில் மலை.

"ஈமான் உள்ளவன் பயப்படலாமா?" என்று கேட்பவர்கள், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கூறும் திர்மிதியின் ஹதீஸை எத்தனை பயான்களில் கேட்டிருப்பார்கள்! கயிற்றை அவிழ்த்துவிட்டு "தவக்குல்" என்று சொல்வதை அந்த ஹதீஸ் எங்கே அனுமதிக்கிறது? கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டு எல்லையில் படையுடன் நின்ற உமர் (ரலி) அவர்கள் உள்ளே நுழையாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குச் செல்வதாகவே பதில் சொன்னார்கள். உமருக்கு ஈமான் குறைவு என்று சொல்லும் துணிவு நம் வேனில் யாருக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

மூஸா (அலை) அவர்களைத் தாயார் ஆற்றிலேயே விடவில்லையா என்று இன்னும் சிலர் வாதம் செய்வார்கள். அந்தத் தாய்க்கு அல்லாஹ் நேரடியாக உள்ளுணர்வு அளித்தான். குழந்தையைத் திருப்பித் தருவதாக வாக்கும் அளித்தான். கரையிலோ ஃபிர்அவ்னின் ஆட்கள் கொல்லக் காத்திருந்தார்கள். ஊட்டிக்குப் போகாவிட்டால் நம் குழந்தையைக் கொல்ல யார் காத்திருக்கிறார்கள்?

இனி உடம்பைப் பற்றிச் சில செய்திகள். இவற்றை அறியாமல் பேசுவதால்தான் ஆபத்து சிறியதாகத் தெரிகிறது.

காவிரிக்கரையில் இருக்கும் ஜேடர்பாளையம் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டரைக்கூட எட்டாத ஊர். உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் வேன் அந்த உயரத்துக்கு ஏறிவிடும். அங்கே காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நமக்குக் கொஞ்சம் தலை வலிக்கும், படியேறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பழுதுபட்ட குழந்தையின் நிலைமை வேறு. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றின் வழியே இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலப்பக்கம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இதயத்தில் பிறவிக் குறையும் சேர்ந்திருந்தால் சுமை இன்னும் ஏறும். இத்தனையும் நடக்கும்போது குழந்தை கத்திக் கூச்சலிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு அமைதியாகத் தூங்கும். "பாருங்கள், குளிருக்கு எவ்வளவு சுகமாகத் தூங்குகிறது" என்று வேனில் பேசிக்கொள்வார்கள்.

அடுத்தது தொற்று. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்குச் சென்று சேர்வது பெரும்பாலும் கருவின் கடைசி மூன்று மாதங்களில். அந்த மாதங்கள் கிடைக்காமல் பிறந்த குழந்தை கையில் மிகக் குறைந்த கட்டுச்சோற்றுடன் உலகுக்கு வந்த பயணி. நம் நாட்டில் தட்டம்மைக்கான முதல் தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. தட்டம்மைக் கிருமியோ நோயாளி நகர்ந்துபோன பின்பும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கக் கூடியது. அமெரிக்காவின் டிஸ்னிலாண்ட் பூங்காவில் 2014 டிசம்பரில் தொடங்கிய தட்டம்மைப் பரவலில், அடுத்த பிப்ரவரி தொடக்கத்துக்குள் கலிபோர்னியாவில் மட்டும் 110 பேர் கணக்கிடப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் தடுப்பூசி போடும் வயதையே எட்டாத கைக்குழந்தைகள். உலகின் பணக்கார மாநிலங்களில் ஒன்றிலேயே நிலைமை இது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குளிரூட்டிய வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருமிக்கொண்டு வரும் மச்சானே போதும். அவருக்குச் சாதாரணச் சளியாக இருக்கும் அதே கிருமி இந்தக் குழந்தையை மறுபடி ஆக்சிஜனில் கிடத்தக் கூடும்.

இவ்வாறு நடந்த பின் நம்மவர்கள் சொல்லும் விளக்கம் "கண் பட்டுவிட்டது." கண்ணேறு உண்மை என்று ஹதீஸ் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மச்சானின் இருமலை எல்லாம் அதன் கணக்கில் எழுதுவது நேர்மையன்று.

மூன்றாவது செய்தி பயணத்தைவிட அது விழுங்கும் நாட்களைப் பற்றியது. முப்பத்து நான்கு வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை தொடங்க வேண்டும். பிறகு கண் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்த இடைவெளி சில நேரம் ஒரே வாரம்தான். காலத்தில் கண்டால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம், தவறினால் திரும்பாது. 1996இல் சென்னை அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்து, இந்தப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வையிழந்த ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே தவறியது மருத்துவமனை. சுற்றுலாவுக்காக நாமே அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டால் யார்மீது வழக்குத் தொடுப்பது?

இவ்வளவும் சொன்னபின் பலர் வரும் முடிவு: "சரி, அவள் குழந்தையோடு வீட்டில் இருக்கட்டும், நாம் போவோம்." இதை நான் அதைவிடக் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டு மாதம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பூட்டிய வீட்டில் தனியே விட்டுவிட்டு, மாலையில் அவளுக்கு நீர்ச்சறுக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதா குடும்பம்? குழந்தையின் பொருட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தரும் சட்டம். பால்குடியை நிறுத்துவதற்கே இருவரும் கலந்துபேசி மனம் ஒப்ப வேண்டும் என்று அதே வசனம் கூறுகிறது. பாலை நிறுத்தவே தாயின் சம்மதம் வேண்டுமென்றால், குழந்தையை மலையேற்றுவதற்கு வேண்டாமா? முடிவெடுக்கும் இடம் அந்த இருவர். பெரியத்தாவோ முன்பணம் கொடுத்த சின்னத்தாவோ அல்லர்.

மூத்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் போகட்டும். தாத்தாவும் சின்னத்தாவும் அழைத்துச் செல்லட்டும். தகப்பன் தங்கட்டும். அல்லது எல்லோருமாக இந்த ஆண்டு பக்கத்திலேயே போகட்டும். படுகை அணையும், அண்ணா பூங்காவும், அல்லாள இளைய நாயகரின் நினைவைச் சொல்லும் இராஜ வாய்க்காலும் நம் வாசலில் இருக்கின்றன. கூட்டமில்லாத ஒரு காலையில் இரண்டு மணி நேரம், மரநிழலில் தாயும் காற்று வாங்கலாம். அங்கும் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லவில்லை. மீன் வறுக்கும் புகை நுரையீரல் பழுதான குழந்தைக்கு ஆகாது. ஆடிப்பெருக்குக் கூட்டமும் ஆகாது. மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. ஆனால் குழந்தை முகம் சுளித்தால் சிறிது நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே 108ஐ அழைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது.

குறைமாதக் குழந்தைகள் அனைவரும் ஒரே நிலையில் இல்லை. எடை ஏறி, மூச்சுச் சீராகி, மருத்துவரே "தாராளமாகப் போகலாம்" என்று சொல்லிவிட்டவர்களைக் கட்டிப்போட நான் எழுதவில்லை. ஆனால் மருத்துவரிடம் கேள்வியை முழுதாகக் கேளுங்கள். "வெளியே போகலாமா" என்று கேட்டால் அவர் தெருமுனையை நினைத்துக்கொண்டு தலையாட்டுவார். எந்த ஊர், எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரப் பயணம், எத்தனை பேர், எத்தனை இரவு என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் பார்வையில் மூச்சின் வேகத்தையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தாயும் உடன் இருக்கும்போது கேளுங்கள்.

சின்னத்தாவுக்குக் குழந்தையைப் பார்க்க ஆசை இருப்பது இயல்பே. முப்பது நாள் விடுப்பில் முதல் நாள் மாலையிலேயே வரட்டும். சளி இல்லாத நாளாகப் பார்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகத்தில் முத்தமிடாமல், மடியில் வாங்கி துஆச் செய்யட்டும். வேனில் அந்தக் குழந்தைக்கென்று எடுத்த இடத்தின் பணத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். அடுத்த கண் பரிசோதனைக்குச் சேலம் போய்வர ஆட்டோவுக்கு ஆகும்.