நிதியளிக்கப்பட்ட வர்த்தகக் கணக்கு: லாபத்தை எடுத்தால் கணக்கு பறிபோகுமா?

சில நூறு வெள்ளி கட்டணம். தேர்வில் தேறினால் 50,000 டாலர் கணக்கு. லாபத்தில் 80 விழுக்காடு உங்களுக்கு.

சமூக ஊடகங்களில் இப்படி விளம்பரங்கள் வருகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. விதிமுறைகளைப் படித்தால்தான் கணக்குப் புரியும்.

அது யாருடைய பணம்?

பல நிறுவனங்களில் அது பாவனைக் கணக்கு. சந்தை விலை உண்மை. பணம் திரையில் தெரியும் எண் மட்டுமே.

நட்ட வரம்பு 2,000 டாலர் என்றால் நீங்கள் புழங்கக்கூடியதும் அவ்வளவுதான், 50,000 அல்ல.

நட்ட வரம்பு எப்படிச் செயல்படுகிறது?

அன்றாட வரம்பு: ஒரே நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் இழக்கக்கூடாது.

நிலையான வரம்பு: 50,000 டாலர் கணக்கு 48,000க்கு இறங்கினால் மூடப்படும். அந்த எல்லை மாறாது.

நகரும் வரம்பு: லாபம் ஏற ஏற எல்லையும் ஏறும், இறங்காது. கணக்கு 51,500ஐத் தொட்டால் எல்லை 49,500 ஆகிவிடும். பிறகு ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவந்தால், மிச்சம் 500 டாலர் இடைவெளிதான்.

சில நிறுவனங்கள் இன்னும் விற்றுக் கையில் வாங்காத லாபத்தையும் அதில் சேர்க்கின்றன. வேறு சில, நாள் முடிவில் உள்ள இருப்பை மட்டும் பார்க்கின்றன.

லாபத்தை எடுத்தால் என்ன ஆகும்?

எல்லை 50,000இல் நின்றுவிடும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருப்பு 53,000. நீங்கள் 2,500 எடுக்கிறீர்கள். 80 விழுக்காட்டுப் பங்கில் கைக்கு வருவது 2,000.

இருப்பு 50,500க்கு இறங்கும். எல்லையோ இறங்காது. அடுத்த 500 டாலர் நட்டத்தில் கணக்கு போய்விடும்.

குறைந்தபட்ச வர்த்தக நாள்கள், ஒரே நாள் லாபத்துக்கு உச்சவரம்பு போன்ற நிபந்தனைகளும் இருக்கலாம். அவற்றை மீறினால் பணம் எடுப்பது தள்ளிப்போகும்.

நிறுவனமே முடங்கினால்?

2023 ஆகஸ்ட்டில் மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு வழக்குத் தொடுத்தது. சொத்துகள் முடக்கப்பட்டன, நிறுவனத்தின் செயல்பாடு நின்றது.

2025 மே மாதம் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்கு நடத்தப்பட்ட விதத்துக்காக அந்த அமைப்பே கண்டனத்துக்கு ஆளானது. ஆனால் வர்த்தகர்களுக்கு இடையில் போன காலம் போனதுதான்.

பணம் கட்டுவதற்கு முன்...

- எல்லை நிலையானதா, நகர்வதா?
- பணம் எடுத்தபின் எல்லை எங்கே நிற்கும்?
- கட்டணம் எப்போது திரும்பக் கிடைக்கும்?
- சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலிலோ முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலோ நிறுவனத்தின் பெயர் உள்ளதா?

ஆணையம் கண்காணிக்காத நிறுவனத்திடம் பணம் கொடுத்தால், அதன் விதிகள் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது.