இடிப்பதற்கு முன்னால்...

"பழைய கட்டிடமா? இடித்துத் தள்ளு! புதிதாகக் கட்டு!"

இப்படிச் சொல்வது எளிது. ஆனால் அதில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்?

பிரான்சு நாட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அங்கே 1960-ம் ஆண்டையொட்டி அடுக்குமாடி வீடுகள் ஏராளமாகக் கட்டப்பட்டன. குறைந்த வருமானம் உள்ளவர்கள் அவற்றில் வாடகைக்குக் குடியேறினார்கள். நாளடைவில் வீடுகள் பழசாகிவிட்டன. 2003-ம் ஆண்டில் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வீடுகளில் 2 லட்சம் வீடுகளை இடிப்பது அதில் ஒரு திட்டம்.

"இடிக்க வேண்டாம்" என்றார்கள் சிலர். அவர்களில் இருவர், ஆன் லகாத்தோன் என்ற பெண்மணியும் ஜான் பிலிப் வசால் என்பவரும். இருவரும் கட்டிடக்கலை நிபுணர்கள். 1987-ல் சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். பெரிய கம்பெனி அல்ல; சிறிய அலுவலகம்தான்.

1996-ல் போர்டோ நகரத்தில் ஒரு சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலை அவர்களிடம் வந்தது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். அங்கு வசிப்பவர்களிடம் பேசினார்கள். "இது இப்போதே அழகாகத்தான் இருக்கிறது. புதுச் சரளை போடுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், மரங்களைக் கவனியுங்கள். அது போதும்" என்று சொல்லிவிட்டார்கள்!

அதே போர்டோவில் 'கிராண்ட் பார்க்' என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள 3 கட்டிடங்களில் மொத்தம் 530 வீடுகள். அவற்றைப் புதுப்பிக்கும் பொறுப்பை, வேறு இரண்டு நிபுணர்களுடன் சேர்ந்து இவர்கள் ஏற்றார்கள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய தூண்களையும் தளங்களையும் தொடவில்லை. கட்டிடத்தை ஒட்டிப் புதுத் தூண்களை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் சுமார் 12 அடி அகலம் கூடுதலாகக் கிடைத்தது. சிறிய ஜன்னல்களை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடிக் கதவுகள் வைத்தார்கள். புதிய இடத்தில் வெயில் விழுகிறது. குளிர்காலத்தில் அது கதகதப்பாக இருக்கிறது. கோடையில் கதவைத் திறந்தால் காற்று வருகிறது.

வேலை நடந்தபோது யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை. வேலை முடிந்தபிறகு வாடகையும் உயரவில்லை! 2017-ல் இந்த வேலை நிறைவேறியது. 2021-ல் கட்டிடக்கலையின் மிகப்பெரிய பரிசான 'பிரிட்ஸ்கர்' பரிசு இந்த இருவருக்கும் கிடைத்தது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான் சிமெண்டு செய்கிறார்கள். அப்போது கரியமில வாயு ஏராளமாக வெளியேறுகிறது. மனிதர்களால் உலகில் வெளியேறும் கரியமில வாயுவில், நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. நல்ல தூணை இடித்துவிட்டு மறுபடியும் தூண் எழுப்பினால், அந்தப் புகையை இரண்டு முறை விடுகிறோம்.

எல்லாப் பழைய கட்டிடங்களையும் காப்பாற்ற முடியாது. உறுதி குலைந்த கட்டிடம் உயிருக்கு ஆபத்து. அதை இடிக்கத்தான் வேண்டும்.

ஆனால் முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். "தூண்கள் உறுதியாக இருக்கின்றனவா?" என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். "உங்களுக்கு என்ன குறை?" என்று குடியிருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

கடப்பாரையை அதற்குப் பிறகு எடுக்கலாம்.