ஆகாயத்திலும் வேகத்தடை உண்டு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கினால், ஆள் ஒரு சாண் மேலே போய்விட்டுத்தான் சீட்டுக்குத் திரும்புவார். முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அதே ஊர்க்காரர் மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறி சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகும்போது, விளக்கு அணைந்ததும் சீட் பெல்ட்டைக் கழற்றி விடுகிறார். ஆகாயத்தில் ஏது வேகத்தடை என்ற நினைப்பு!

உண்டு. சித்திரை வெயிலில் கரிசல் காடு சூடேறி, புழுதியையும் சருகையும் சுருட்டிக்கொண்டு சுழல்காற்று எழும்புவதை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். இடிமேகத்துக்குள் இந்த ஏற்ற இறக்கம் பல மடங்கு வேகத்தில் நடக்கிறது. மேகமே இல்லாத இடத்திலும் குலுக்கல் வரும். விமானத்தின் வானிலை ரேடாருக்கு அது தெரியாது.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மருக்கு மேலே பறந்தபோது 4.6 விநாடியில் 178 அடி இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டுக் கீழே விழுந்தார்கள். ஒருவர் இறந்தார், பலருக்கு முதுகெலும்பிலும் தலையிலும் காயம். நம் நாட்டில் 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற விமானம் இறங்கும் நேரத்தில் குலுங்கி, பத்துப் பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அவர்களில் ஒருவர் சில மாதம் கழித்து இறந்துபோனார்.

இதை 'விதி' என்று விட்டுவிடலாமா? கூடாது. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி சர்வதேசப் பயணத்தில், விமானத்தில் நேரும் விபத்தால் பயணிக்கு உடற்காயம் ஏற்பட்டால் நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். ஆனால் பயணியின் கவனக்குறைவும் காரணம் என்று நிரூபித்தால் நிறுவனம் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். "பெல்ட் போடச் சொன்னோம், அவர் போடவில்லை" என்று வாதாடலாம்.

சொன்னது எந்த மொழியில்? இதுதான் கேள்வி. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு கொத்தனாரிடம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எச்சரித்துவிட்டு, "கேட்கவில்லை" என்று அவர் மேல் பழி போடுவது நியாயமா? சில விமானங்களில் தமிழில் அறிவிக்கிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அது விமானியின் பிரியத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும், தமிழ்நாட்டுக்கு வரும் ஒவ்வொரு விமானத்திலும் பாதுகாப்பு அறிவிப்பு தமிழில் கட்டாயமாக வேண்டும். அதற்குச் செலவு ஒரு ஒலிப்பதிவுதான்!

அதுவரை, வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்: "விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்றாதே. உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இடுப்பில் இருக்கட்டும்." அடிபட்டால் இறங்கும் முன் பணியாளரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும், போர்டிங் பாஸையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். குடும்பமே நம்பியிருக்கும் ஒரு முதுகெலும்பு, ஒரு பெல்ட் போடாததால் ஒடியக் கூடாது.