பேட்டரிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

"சோலார் போட்டு என்ன சார் பிரயோஜனம்? ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் லைட் மங்கிப் போகுது." விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் முதலில் பேனலைத் திட்டுவார்கள், பிறகு வெயிலைக் குறை சொல்வார்கள். வெயிலை நம்பியே தீப்பெட்டியும் பட்டாசும் காயவைத்துப் பிழைக்கும் ஊரில் வெயில் போதவில்லை என்றால் யார் நம்புவது?

என் அபிப்பிராயம் இதுதான்: பெரும்பாலும் குறை வெயிலில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839இல் கண்டு சொன்ன எட்மண்ட் பெக்கரெலும், 1859இல் ஈய-அமில பேட்டரியைச் செய்த கஸ்தோன் பிளாந்தேயும் பிரெஞ்சுக்காரர்கள். அந்த பேட்டரிக்கு அவர்கள் மொழியில் 'அக்யுமுலாத்தர்' என்று பெயர். சேர்த்து வைப்பது என்று பொருள். அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. உண்டியல் மாதிரி, போட்டதைத்தான் எடுக்க முடியும்.

குமாஸ்தா வேலை பார்த்த எனக்கு இது வரவு செலவாகத்தான் தெரிகிறது. 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் எல்லா நஷ்டமும் போக ஏறக்குறைய 400 வாட்-மணி தரும். அது வரவு. 9 வாட் பல்பு மூன்று ஐந்து மணி நேரம் எரிந்தால் 135. இதுவரை சரி. ஆனால் எதுவும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வெறும் 10 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 240 ஆகிறது. மூன்று பல்பும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம்! அணைத்ததாக நாம் நினைக்கும் டிவி, செட்டாப் பாக்ஸ், செருகியே கிடக்கும் செல்போன் சார்ஜர் எல்லாம் இதே ரகம். மேகமூட்டமாக இரண்டு நாள் இருந்தால் கையிருப்பு காலி. வண்டிக்குப் பின்னால் வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் இதே கணக்குதான், இதே தலைவலிதான்.

புது பேட்டரி வாங்க ஓடும் முன் ஒரு சோதனை. இரவு படுக்கும்போது பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். (பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.) படுக்கும்போதும், விடிந்ததும் வெயில் ஏறும் முன்பும் மல்டிமீட்டரில் பாருங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறையக் காலி. கழற்றி வைத்தும் இரவுக்குள் நன்றாக இறங்கினால் பேட்டரியே கெட்டது. கழற்றினால் நிற்கிறது, மாட்டினால் மட்டும் இறங்குகிறது என்றால் ஏதோ ஒன்று ஒளிந்திருந்து தின்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

வரவுப் பக்கமும் பாருங்கள். பேனலில் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் வேப்பங்கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மொத்த வரவு பாதியாகக் குறையலாம். செம்மண் தூசியை விடிகாலையில், பேனல் சூடேறும் முன் துடையுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு அதற்கு விஷம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பற்றக்கூடியது. ஆகவே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பூஜை அறை விளக்குப் பக்கம் வேண்டாம். வெடிமருந்தோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி.

இதெல்லாம் வீட்டுக் கணக்கு. அரசாங்கக் கணக்கிலும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2011-12இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஒவ்வொன்றும் 300 சதுர அடி. தொடக்கத்தில் வீடு ஒன்றுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. ஏழை வீட்டில் ஐந்து விளக்கு எரியும் என்று யோசித்தது நல்ல மனசுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேனல் 25 வருடம் உழைக்கும், பேட்டரிக்கு நான்கைந்து வருடம்தான். பேனல் மூலதனச் செலவு, பேட்டரி தொடர் செலவு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதி கணக்கை மூடினால், ஐந்தாம் வருடம் அந்த விளக்கு எரியுமா இல்லையா என்பது அந்த வீட்டுக்காரரின் கையிருப்பைப் பொறுத்த விஷயமாகிவிடும். இலவசமாக வந்த பொருளுக்கு அடுத்த பேட்டரி வாங்க தினக்கூலிக்காரரால் முடியுமா?

இந்தப் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. பட்டாசு ஆலையில் மருந்து அறை வேலை பகல் வெளிச்சத்தோடு முடிந்துவிடும். சமையலும், பிள்ளைகளின் வீட்டுப்பாடமும், காகிதமும் பசையுமாகச் செய்யும் கைவேலையும் வீட்டில் ராத்திரிதான். அங்கே விளக்கு போனால் வருவது மண்ணெண்ணெய் விளக்கு அல்லது மெழுகுவத்தி. நெருப்பால் இவ்வளவு இழந்த வட்டாரத்தில் அது மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. பேட்டரியோடு சேர்த்து எதைக் கொடுத்தாலும் அரசு அடுத்த பேட்டரிக்கும் அன்றே நிதி ஒதுக்கட்டும். ஊராட்சிக்கு ஒரு ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு முறை தண்ணீர், இணைப்பு, வோல்ட் பார்க்க வைக்கட்டும்.

நம் வீட்டுக்கு நாமே செய்துகொள்ளலாம். பத்தாயிரம் ரூபாய் பேட்டரி ஐந்து வருடம் வரும் என்றால் மாதம் சுமார் 170 ரூபாய் தேய்மானம். மாதாமாதம் முடியாவிட்டால் தீபாவளி போனஸில் 2,000 எடுத்துத் தனியே வையுங்கள். பேட்டரி மாட்டிய தேதியை அதன் மேலேயே பெயிண்டால் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கட்டும்: தேதி, காலை வோல்ட், தண்ணீர் ஊற்றிய நாள். மூன்று மாதம் எழுதினால் போதும், பேட்டரி எங்கே இறங்குகிறது என்று நோட்டே காட்டிக் கொடுத்துவிடும்.