பெதும்பையும் பெயரில்லாதவளும்

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தவர்கள் எம் முன்னோர். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகிய இவ்வேழும் உலா இலக்கியத்தின் உயிர்நாடி என்று மாணவருக்குக் கற்பிக்கின்றோம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கின்படி பெதும்பைக்கு வயது 8 முதல் 11 வரை. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை. அதற்குப் பின்? பின் ஒன்றுமேயில்லை. நாற்பதைக் கடந்தவளுக்கு அந்த வரிசையிற் பெயரே கிடையாது. வீதியிற் பவனிவரும் தலைவனைக் கண்டு மயங்கத்தக்கவளா என்பதே அங்கு அளவுகோல். அக்கோலினாற் சிறுமியும் அளக்கப்பட்டாள். அவளைப் பெற்றவளோ கணக்கிலிருந்தே நீக்கப்பட்டாள்.

உலா வந்த மன்னர்கள் மறைந்தனர், அளவுகோல் மறையவில்லை. இன்று எமது இல்லங்களில் 11 வயது மகளும் 45 வயதுத் தாயும் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் அறியாது வாழ்கின்றனர். மகள் எடுத்ததற்கெல்லாம் அழுகிறாள். கதவை அடித்துச் சாத்துகிறாள். தாய் எரிந்து விழுகிறாள். நள்ளிரவில் வியர்த்து எழுந்து குந்தியிருக்கிறாள். மகளுக்கு வாய் நீண்டுவிட்டதாம். தாய்க்குக் குணம் மாறிவிட்டதாம். குடும்பத் தலைவரோ இருவருக்கும் நடுவே கைத்தொலைபேசியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார்.

உண்மை என்ன? மகளின் சூலகங்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. தாயின் சூலகங்கள் தம் தொழிலை முடித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் ஒருத்தியிடம் சீராக ஏறுவதுமில்லை. மற்றவளிடம் சீராக இறங்குவதுமில்லை. பூப்பெய்திய முதலிரண்டு ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பு. அது நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளிலும் அவ்வாறே. பெரும்பாலோர்க்கு 45க்கும் 55க்கும் இடையில் அது நின்றுவிடுகிறது. உறக்கம், தோல், உடல் எடை, மனநிலை ஆகியன இருவரிடத்தும் மாறுகின்றன. மகளின் என்பு வலுவேறும் காலமும் தாயின் என்பு தேயத் தொடங்கும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இருவருக்கும் நல்லுணவு வேண்டும். ஆனால் மீனின் நடுத்துண்டு இன்னமும் யாருடைய கோப்பைக்குப் போகின்றது என்பதை வாசகர் தத்தம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இவை நோயல்ல, இயற்கை. இயற்கையானதைத் துன்பமாக்குவது எமது சமூகம். எங்ஙனம் ஆக்குகின்றது? ஒருத்தியைப் பறைசாற்றியும், மற்றவளை மறைத்துவைத்தும். மகள் பெரியபிள்ளையானால் மண்டபம், மேடை, வீடியோ, விருந்து. கடன்பட்டும் சாமத்தியச் சடங்கு. ஊரெல்லாம் அறிந்துகொள்ளும் அச்செய்தியின் பொருளை அப்பிள்ளைக்கு விளக்கியவர் எத்தனை பேர்? உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் ஊட்டியவர்கள் ஒரு வார்த்தை ஊட்டவில்லை. துடக்கு என்னும் சொல்லைத்தான் அவள் முதலிற் கற்றுக்கொள்கிறாள். தாய்க்கோ சடங்குமில்லை, சொல்லுமில்லை. விழாவிலும் மௌனத்திலும் ஒரே கருத்துத்தான் ஒளிந்திருக்கிறது: பெண்ணுடல் மணச்சந்தைக்கு வரும்போது விலையுடையது, சந்தையை விட்டு நீங்கும்போது பேசத்தகாதது.

'இவை பெண்கள் வீட்டுக்குள் தமக்குள்ளே பேசவேண்டியவை. பகிரங்கப்படுத்துவது பண்பாடன்று' என்பர் பழைமைவாதிகள். வீட்டுக்குள் பேசப்பட்டிருப்பின் அவ்வாதத்தை ஏற்கலாம். தன் தாயிடம் கேட்டறியாத தாய் தன் மகளிடம் எதனைப் பேசுவாள்? 'சடங்கு உறவினர் கூடிக் களிக்கும் நாள் அல்லவா?' என்பர் சிலர். கூடட்டும், களிக்கட்டும், அதனை எவரும் மறுக்கவில்லை. பல்லாயிரம் ரூபாவை மேடைக்குச் செலவிடுபவர் ஒரு மணி நேரத்தை விளக்கத்துக்குச் செலவிடாதது ஏன் என்பதே கேள்வி. முற்போக்காளர் சிலரோ, வர்க்கப் பிரச்சினைக்கு முன்னே இது அற்பம் என்பர். கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்ணையும், ஆடைத் தொழிற்சாலையில் மலசலகூடம் செல்ல நேரம் எண்ணப்படும் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். 2018 செப்டெம்பர் வரை இந்நாட்டில் இறக்குமதியாகும் அணையாடைக்கு விதிக்கப்பட்ட மொத்த வரி நூறு சதவீதத்துக்கும் அதிகமாக இருந்தது. ஒழுங்கற்ற உதிரப்போக்கால் வாடும் தாயும் புதிதாகப் பூப்பெய்திய மகளும் ஒரே பைக்கற்றைப் பங்கிடும் ஏழை வீட்டில், தன் பங்கைக் குறைத்துக்கொள்பவள் தாயே. இது வர்க்கப் பிரச்சினை அல்லவெனின் வேறெது வர்க்கப் பிரச்சினை?

மௌனம் உயிரையும் குடிக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கெதிரான தடுப்பூசி, 2017 முதல் 6ஆம் தரத்து மாணவியருக்குப் பாடசாலையிலேயே போடப்படுகின்றது. அதே நோயை முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனை, 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35, 45 வயதுகளில் இலவசமாகச் செய்யப்படுகின்றது. நோய் ஒன்று, அரசாங்கம் ஒன்று, கட்டணமும் இல்லை. மகளை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட ஒரு பாடசாலை இருக்கிறது. தாயோ தானாகவே புறப்பட்டு, 'என்ன வருத்தம்?' என்று கேட்போரைக் கடந்து, வெட்கத்தைச் சுமந்துகொண்டு செல்லவேண்டியிருக்கிறது. மகளைத் தவறாது அனுப்பும் தாய் தான் செல்லாதிருப்பது அறியாமையால் மட்டுமன்று. தன் உடலைத் தனக்கென எண்ணிப் பார்க்க அவளுக்கு எவரும் கற்பிக்காமையாலுமாகும்.

ஆசிரியர்களாகிய எமக்கு இங்கு கடமை உண்டு. சுகாதார பாடத்தில் அந்த அலகு வந்ததும் 'வீட்டிலே வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டும் வழக்கம் ஒழியவேண்டும். மாணவரும் அதனைப் படிக்கவேண்டும். அவர்களே நாளைய தந்தையர். தமிழாசிரியர் ஏழு பருவங்களைக் கரும்பலகையில் எழுதுகையில், எட்டாவது ஏன் இல்லை என்ற வினாவையும் எழுதட்டும். எழுத்தாளர்கள் தாயைத் தியாகச் சிலையாகவும் மகளை மலரும் மொட்டாகவும் வருணித்தது போதும். இருவரும் அடுக்களையில் அமர்ந்து ஒருவர் உடலைப்பற்றி மற்றவருக்குச் சொல்லும் ஒரு கதையை எழுதட்டும்.

இன்னுமொன்று. தடுப்பூசிக்குப் பெற்றோரின் சம்மதம் கேட்டுப் பாடசாலையிலிருந்து கடிதம் வீட்டுக்குப் போகின்றது. அதன் அடியில், தாயின் வயதைக் கேட்டு, அவள் செல்லவேண்டிய கிளினிக்கின் நாளையும் இடத்தையும் குறித்து ஒரு வரி சேர்க்கவேண்டும். அதற்குப் பெருநிதி தேவையில்லை. சட்டத் திருத்தமும் தேவையில்லை. அதிபரும் மருத்துவமாதுவும் ஒருநாள் கூடிப் பேசினாற் போதும். அந்த ஒரு வரியை இந்த ஆண்டிலேயே எழுதுவோம்.