குமிழ் காட்டிய மணி

சென்ற மாதம் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு மிக்ஸிங். எட்டுப் பாட்டு. ஏழை முடித்து எட்டாவதைத் தொட்டபோது இரவு ஒன்பது. வீட்டு ஸ்டுடியோ, அதற்கு மேல் ஸ்பீக்கர் போட்டால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார். ஹெட்ஃபோன்தான். மூன்றரைக்கு பவுன்ஸ் எடுத்து அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலை பத்து மணிக்கு அதே நாற்காலி, அதே ஹெட்ஃபோன், அதே செஷன். ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். தட்டிய கை தானாகவே மேலே போய் ஹெட்ஃபோனைக் கழற்றியது. பாடகியின் ஒவ்வொரு ‘ச’வும் ஊசி. ஜால்ரா பல்லைக் கூச வைத்தது.

பிறகுதான் இன்டர்ஃபேஸின் வால்யூம் குமிழைப் பார்த்தேன். கடிகார முள்ளாக வைத்துச் சொன்னால், தொடங்கும்போது பத்து மணியில் இருந்தது. இப்போது ஒன்றரையைத் தாண்டி நின்றது. எப்போது திருப்பினேன்? ஒரே தடவையில் திருப்பியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். செஷனுக்குள்ளும் அதே கதை. குரல் டிராக்கில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 1.5 டெசிபல் ஏற்றம், குரல்களின் பஸ்ஸில் 2, மாஸ்டரில் இன்னொரு 1.5. தனித்தனியே பார்த்தால் எதிலும் தப்பில்லை. கூட்டினால் 5 டெசிபல்.

இது நடக்காத ஆள் நம் தொழிலில் இல்லை. ஆனால் மறுநாள் நாம் குறை சொல்வது ஹெட்ஃபோனைத்தான். “அந்த மாடல் கொஞ்சம் டல்லுங்க”, “புதுசு, இன்னும் பழகலை”. நூறு மணி நேரம் ஓட்டினால் ஹெட்ஃபோன் பழகிவிடும் என்று நம்புகிறவர்கள் நம்மிடையே நிறைய. பழகுவது பெரும்பாலும் கேட்கிறவர்தான் என்பது என் கட்சி. கருவி மாற்றினால் தீரும் என்று நினைத்து நாம் செலவழித்த பணத்தில் பாதியாவது தூங்கினால் மிஞ்சியிருக்கும்.

காதுக்குள் நடப்பது என்ன? காக்ளியாவில் உள்ள வெளி வரிசை மயிர்ச்செல்கள் சன்னமான ஒலிகளைப் பெருக்கித் தருபவை. சத்தம் நெடுநேரம் நீடித்தால் அவை சோர்ந்து, கேட்கும் வாசல் தற்காலிகமாக உயர்ந்துவிடுகிறது. நேற்று கேட்ட சன்னமான ஒலி இன்று கேட்க இன்னும் சில டெசிபல் கூடுதலாக வேண்டும். இந்த உயர்வு எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராக வருவதில்லை. காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் ஒத்ததிர்வு 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது. அங்கே ஒலி இயல்பாகவே பெருகி உள்ளே போகிறது. சோர்வோ, தாக்கிய அலைவரிசைக்கு அரை ஆக்டேவ் மேலே தள்ளித் தலைகாட்டும். ஆக அடி விழுவது 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில். அங்கே இருப்பவை என்னென்ன? குரலின் மெய்யெழுத்துகள், கிட்டே நின்று பாடும் நெருக்கம், மிருதங்க வலந்தலையில் விரல் பட்டுத் தெறிக்கும் கூர்மை. நாம் சம்பளம் வாங்குவதே அந்த இடத்துக்காகத்தான். அது மங்கும்போது நாம் மங்கலை உணர்வதில்லை. மிக்ஸில் ஏதோ குறைகிறது என்றுதான் தோன்றும். கை ஈக்யூவுக்குப் போகும், இல்லையென்றால் குமிழுக்குப் போகும்.

குமிழைத் திருப்பினால் பலன் கிடைப்பதுதான் தொல்லை. 1933இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் வரைந்த சம ஒலிப்பு வளைகோடுகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஒலி கூடக் கூட, பேஸும் உச்சமும் காதில் நிரம்பி வருகின்றன. அதனால் சத்தமாக வைத்த மிக்ஸ் எப்போதும் நல்ல மிக்ஸாகவே கேட்கும். அந்த ஆய்வில் ஆட்களைக் கேட்க வைத்ததே ஹெட்ஃபோனில்தான் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். இரவு ஒரு மணிக்கு நாம் செய்வதும் ஏறக்குறைய அதே ஆய்வுதான், குறித்து வைக்க ஆள் இல்லை என்பதைத் தவிர.

அளவுகள் தெரிந்தவையே. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு, 91இல் இரண்டு, 94இல் ஒரே ஒரு மணி நேரம். ஸ்பீக்கரில் 94 வைத்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், மேஜையில் டம்ளர் நகரும், வீட்டில் ஒருவர் வந்து முறைப்பார். ஹெட்ஃபோனில் சாட்சியே கிடையாது. போதாக்குறைக்கு, ஸ்பீக்கரில் நெஞ்சில் வந்து மோதும் பேஸ் ஹெட்ஃபோனில் காதோடு நின்றுவிடுவதால், கிக் டிரம்மில் அந்த மோதலைத் தேடித் தேடியே வால்யூம் ஏறுகிறது.

இதில் காதைச் சேராத குற்றமும் உண்டு. ஐந்து மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தால் நெற்றிப்பொட்டு வலிக்கும். கப்பைச் சற்று முன்னே தள்ளுவோம், வியர்வையைத் துடைப்போம், மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றுவோம். கண்ணாடிக் காம்புக்கும் பேடுக்கும் நடுவே ஒரு நூலளவு சந்து விழுந்தாலும் மூடிய வகை ஹெட்ஃபோனில் பேஸ் அந்த வழியாகக் கசிந்துபோகும். உடனே பேஸ் கிதாரை ஏற்றுகிறோம். காலையில் கண்ணாடி இல்லாமல் கேட்டால் பாட்டு முழுக்க ஒரே குழகுழப்பு. என் உதவியாளர் ஒருவர் ஆறு மாதம் இப்படி மிக்ஸ் செய்துகொண்டிருந்தார். இருவருமே அவருடைய ரசனையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

இதுவரை சொன்னது காதின் களைப்பு. ஆளின் களைப்பு வேறு. 1997இல் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கை-கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் ஏறியவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை ஆறுக்கு எழுந்தவருக்குப் பதினேழாவது மணி இரவு பதினொன்று. நம் ஊரில் பல ஃபைனல் மிக்ஸ்கள் சூடு பிடிப்பதே அந்த நேரத்தில்தான்.

இரண்டு களைப்பும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பது என் அனுபவம். ஆய்வகம் தந்த முடிவு அல்ல, இருபது வருடம் காலையில் எழுந்து வெட்கப்பட்டதன் பலன். சத்தத்தால் சோர்ந்த காது உச்சத்தை ஏற்றும். மறுநாள் பாட்டு கீச்சிடும். தூக்கம் கெட்ட ஆளுக்கோ தாழ்ந்த வால்யூமில்கூட எல்லாமே உறுத்தும். வயலின் உறுத்தும், எதிரொலி உறுத்தும், பாடகரின் மூச்சு உறுத்தும். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போவார். மறுநாள் பாட்டு ஈரத்துணி போர்த்தியது போலக் கிடக்கும். ஆகவே காலையில் கீச்சென்று கேட்டால் குமிழைச் சந்தேகியுங்கள், மொத்தையாகக் கேட்டால் தூக்கத்தை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி நல்ல மிக்ஸாக அமைந்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அமையும், லாட்டரியில் விழுவது மாதிரி.

என்னிடம் ஒரு தம்புரா பதிவு இருக்கிறது. மூன்று நிமிடம், ஒரே சுருதி, ஈக்யூ எதுவும் இல்லை. வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் கேட்பேன். நல்ல காது உள்ள வேளையில், ஜீவாளி நூல் சரியாக நின்ற அந்தத் தம்புராவின் ஒவ்வொரு மீட்டலிலும் மேல்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி இறங்குவது படிக்கட்டு மாதிரி தெளிவாகக் கேட்கும். களைத்த வேளையில் மேல்படிகள் இரண்டு மூன்று காணாமல் போகும். வெறும் ரீங்காரம்தான் மிஞ்சும். குமிழைத் தொடாமல் கேட்டால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு. அதனால் குமிழின் பத்து மணி இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். ரீங்காரம் மட்டும் கேட்கும் இரவுகளில் ஈக்யூவைத் தொடுவதில்லை. டிராக்குகளுக்குப் பெயரிடுவது, மூச்சு வெட்டுவது, கிளிக் துடைப்பது போன்ற எடுபிடி வேலைகள் எப்போதும் பாக்கி இருக்கும்.

தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். மிதமான சோர்வு சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தெளிந்துவிடுவது உண்மைதான். ஆனால் 2009இல் ஷரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளிடம் கண்டது வயிற்றைக் கலக்கியது. 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்ட எலிகளின் கேட்கும் வாசல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. சோதனையில் காது நலம். உள்ளே, உயர் அலைவரிசைப் பகுதியில், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் சந்திகளில் ஏறத்தாழ பாதி அழிந்துபோயிருந்தன, திரும்பவில்லை. மனிதக் காதில் இது எந்த அளவு பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆடியோகிராம் நன்றாக இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்ளும் நண்பர்களுக்காக இதைச் சொன்னேன்.

தயாரிப்பு நிர்வாகியிடம் காக்ளியா பற்றிப் பேச முடியாது என்பது தெரியும். அவருக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ். மூன்று வருடமாக என் கொட்டேஷனில் கட்டணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “மிக்ஸ் முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒப்படைக்கப்படும்.” இரண்டு பேர் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் படிக்கவே இல்லை. அந்தப் பக்திப் பாடல்காரர் அடித்த இருவரில் ஒருவர். மறுநாள் திருத்தி அனுப்பியதை வாங்கிக் கேட்டுவிட்டு, முதலில் அனுப்பியதுதான் “பளிச்சுன்னு” இருக்கிறது என்றார். எத்தனை மணிக்குக் கேட்டீர்கள் என்று கேட்டேன். ராத்திரி ஒன்றரை, ஹெட்ஃபோனில் என்றார்.