குடித்துக் கொடுத்த ஊர்களா?

திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து ஊர்களும் 1708-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதற்குக் கர்நாடக நவாப் தாவூத் கானின் குடிப்பழக்கமே காரணம் என்ற வாதம் கேட்க ருசியாக இருக்கிறது, ஆராய்ந்தால் நிற்கவில்லை. அதே தாவூத் கான்தான் 1702-இல் கம்பெனியின் சென்னைப்பட்டணத்துக்குள் தானியமும் சரக்கும் நுழையவிடாமல் மாதக்கணக்கில் மறித்து, பணம் கறந்த பிறகே படையை விலக்கினார். அன்றும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். இடையில் மாறியது டெல்லி. 1707-இல் பாதுஷா ஔரங்கசீப் இறந்ததும், அரியணைக்காக மகன்கள் வாளெடுத்தார்கள். எந்தப் பதவி எத்தனை நாள் என்று தெரியாத வேளையில், கடலோரத்தில் காசும் பீரங்கியும் வைத்திருந்தவர்களைக் கைக்குள் போட்டுக்கொள்வது போதையல்ல, கணக்கு.

தாவூத் கானுக்குக் கம்பெனி மதுப்பெட்டிகள் அனுப்பிய குறிப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் நவாபுகளுக்கு நசர் (காணிக்கை) வைப்பது அன்றைய நடைமுறை, குறிப்பெழுதியதோ ஊர்களை வாங்கிய தரப்பு. மேலும், தாவூத் கான் கொடுத்ததோடு விஷயம் முடியவில்லை. அடுத்து நவாபாக வந்த சாதத்துல்லா கான் ஊர்களைத் திருப்பிக் கேட்டார். 1717-இல் பாதுஷா ஃபருக்சியரின் ஃபர்மானை (அரசாணையை) காட்டி, கம்பெனியின் சென்னைக் கவர்னர் காலெட் படையனுப்பித் திருவொற்றியூரில் மோதித்தான் அவற்றை உறுதிப்படுத்திக்கொண்டார். புட்டியைப் பழிப்பவர்கள் இந்தத் துப்பாக்கியை மறைக்கிறார்கள்.